வீல்சேர் ஏறும் வண்டியை டிரஸ்ட் எந்த வழியில் வாங்கலாம்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன இல்லத்துக்கு நான் ஒன்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். 22 பிள்ளைகள், அதில் 8 பேர் வீல்சேரில். வாரம் மூன்று நாள் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு பிசியோதெரபிக்குப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக வேண்டும், சீசன் நன்றாக இருந்தால் ஒரு தடவை குற்றாலம். இத்தனைக்கும் எங்களிடம் சொந்த வண்டி கிடையாது, வாடகை வேன்தான்.

வாடகை வேனில் ஏற்றுவது என்றால் என்ன என்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூத்தவனுக்கு 16 வயசு, 46 கிலோ. ஒருத்தர் அவன் கக்கத்துக்குள் கை கொடுக்க வேண்டும், இன்னொருத்தர் முழங்காலுக்கு அடியில். வேன் படி முழங்கால் உயரத்தில் இருக்கும், கதவு குறுகல், தூக்குகிற இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே போக முடியாது. அதனால் ஒருத்தர் முதலில் பின்பக்கமாக ஏறி, குனிந்தபடியே அவனை இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் ஒன்றே ஒன்றுதான் சொல்வான்: "அண்ணாச்சி, பைய." போன வருஷம் இப்படித் தூக்கும்போதுதான் எங்கள் பராமரிப்பு அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று வாரம் படுத்துவிட்டார். உணர்ச்சி இல்லாத அவன் கால் படியில் உரசி ரத்தம் வந்ததை ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தோம்.

அதனால் வண்டி வாங்குவது என்று கமிட்டியில் முடிவு ஆகிவிட்டது. எந்த வண்டி, யார் பெயரில், எந்தப் பணத்தில் என்பதில்தான் நாலு மாசமாக நாலு கருத்து. வரிச் சலுகை எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று நான் உட்கார்ந்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்தில் சர்ச் சேகரம், பள்ளிவாசல் ஜமாத், கோவில் டிரஸ்ட் என்று எத்தனையோ பேர் இந்த மாதிரி இல்லங்கள் நடத்துகிறார்கள். அவர்களுக்கும் இதே குழப்பம்தான் இருக்கும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் மாற்றுத்திறனாளி வாகனத்துக்கான சலுகை பெரும்பாலும் ஆளைத்தான் பார்க்கிறது, அமைப்பைப் பார்ப்பதில்லை. கமிட்டியில் ஒருவருக்கு லண்டனிலிருந்து உறவினர் போன் செய்து, "இங்கே சாரிட்டி வாங்கினால் வண்டிக்கு வரியே இல்லை" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது பொய் இல்லை. பிரிட்டனில் சாதாரணமாக 20 சதவீதம் வாட் வரி. வீல்சேருக்காக மாற்றியமைத்த வண்டியை, மாற்றுத்திறனாளிகளைப் பராமரிக்கும் தொண்டு அமைப்பு வாங்கினால் அதைப் பூஜ்யமாக்கும் வழி அங்கே இருக்கிறது. மதச்சபை என்கிற ஒரே காரணத்துக்காக அங்கேயும் கிடைக்காது, பராமரிப்பு வேலை செய்கிற அமைப்பாக இருக்க வேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டை நெல்லை வண்ணார்பேட்டை ஷோரூமில் போய்க் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இங்கே அப்படி ஒன்று இல்லை.

இங்கே இருந்தது வேறு. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோதே, எலும்பு, மூட்டு சார்ந்த உடல் ஊனம் உள்ளவர்களுக்கு ஒரு சலுகை வைத்தார்கள். நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேல் போகாத கார், பெட்ரோல் என்றால் 1,200 சிசி வரை, டீசல் என்றால் 1,500 சிசி வரை. மத்திய கனரகத் தொழில் துறையில் துணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி சான்றிதழ் கொடுத்தால் 28 சதவீதத்துக்குப் பதில் 18 சதவீதம். பேச்சுக்கு, வரிக்கு முந்தைய விலை 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால், சின்ன பெட்ரோல் காருக்கு அப்போது செஸ் என்ற கூடுதல் வரி 1 சதவீதத்தையும் சேர்த்து 1,45,000 ரூபாய் வரி. சான்றிதழ் இருந்தால் 90,000. 55,000 ரூபாய் மிச்சம் என்பது ஒரு குடும்பத்துக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் அது அந்த நபருக்கு, அவர் பெயரில் வாங்கும் காருக்கு. டிரஸ்டுக்கு இல்லை.

2025 செப்டம்பர் 22இல் இந்தக் கணக்கே மாறிவிட்டது. அன்றிலிருந்து அந்த அளவுக்குள் வரும் சின்ன கார் யார் வாங்கினாலும் 18 சதவீதம்தான், செஸ்ஸும் போய்விட்டது. ஆக, சின்ன காரைப் பொறுத்தவரை மாற்றுத்திறனாளிக்கு என்று தனியாக இருந்த லாபம் இப்போது எல்லாருக்கும் பொது. இன்னும் பழைய செய்தியைப் பார்த்துவிட்டு "டெல்லிச் சான்றிதழ் வாங்கினால் பத்து சதவீதம் குறையும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். அதே நாளில் டிரைவரோடு சேர்த்துப் பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறும் வேன், பஸ் எல்லாம் 28இலிருந்து 18க்கு வந்தது. ஆம்புலன்ஸும் 18. பெரிய கார்கள் மட்டும் 40 சதவீதம்.

எங்கள் கமிட்டியில் பாதிப் பேருக்குத் தெரியாமல் இருந்தது இந்த 40தான். ஏழு பேர் உட்காரும் பெரிய கார் ஒன்று வாங்கலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும், சாய்வுப் பலகை வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். அந்த வகை வண்டி நாலு மீட்டரைத் தாண்டியது. வரிக்கு முந்தைய விலை 12 லட்சம் என்றால் ஜிஎஸ்டி மட்டும் 4,80,000. வரிக்கு முந்தைய விலை 15 லட்சம் உள்ள 13 சீட் டிராவலர் வேனுக்கு 18 சதவீதத்தில் 2,70,000. அதாவது விலை கூடிய வேனுக்கு வரி குறைவு. அப்புறம் தமிழ்நாட்டு ஆயுட்கால சாலை வரி வேறு இருக்கிறது. 2023 நவம்பருக்குப் பிறகு காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. அந்தப் பெரிய கார் ஜிஎஸ்டியோடு 16,80,000 ஆகி, 18 சதவீதத்தில் இன்னும் மூன்று லட்சம் கேட்கும். ஆக 12 லட்சம் வண்டிக்குக் கிட்டத்தட்ட எட்டு லட்சம் வரி. அதில் ஒரு வீல்சேர்தான் ஏறும். இந்த வழியை நான் முதல் கூட்டத்திலேயே வேண்டாம் என்று சொன்னேன், இப்போதும் அதையே சொல்கிறேன்.

வேன் கொட்டேஷன் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பத்துப் பேர் முதல் ஏறும் வண்டி 8702 என்ற எச்எஸ்என் எண்ணில் (வரிக்காகப் பொருளை வகை பிரிக்கும் எண்) வரும், அதற்குக் குறைந்தால் 8703. வீல்சேருக்கு இடம் வேண்டும் என்பதற்காக சீட்டைக் குறைத்து ஒன்பது சீட் மாடலாகவே பில் போடச் சொன்னீர்கள் என்றால், வண்டி நீளமாக இருப்பதால் 40க்குப் போய்விடும் அபாயம் உண்டு. பத்துக்கு மேல் சீட் உள்ள மாடலாக வாங்கி, பிறகு முறைப்படி மாற்றுவதுதான் வழி. கொட்டேஷனில் அந்த நாலு இலக்க எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்.

இந்த மாற்றத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆவது பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை நாமாக மாற்றக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிக்காக மாற்றுவதற்கு அதே பிரிவில் இடம் இருக்கிறது, ஆனால் ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி, ஆர்சியில் ஏற்றியாக வேண்டும். பட்டறையில் சீட்டைக் கழற்றிவிட்டு இரும்புப் பலகை ஒட்டிக்கொண்டு ஓட்டுகிற வண்டிகளை நம் பக்கம் நிறையப் பார்க்கலாம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அந்த ஆர்சியைத்தான்.

அப்படி ஆர்சியில் ஏற்றினால் ஒரு நன்மையும் உண்டு. 2002இல் வந்த மோட்டார் இன்சூரன்ஸ் தாரிஃபில், பார்வையற்றோர், உடல் ஊனமுற்றோர், மனவளர்ச்சி குன்றியோருக்காக மாற்றியமைத்த வண்டிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதி) 50 சதவீதத் தள்ளுபடி என்று இருக்கிறது. ஐஎம்டி 12 என்று பாலிசிப் பேச்சில் சொல்வார்கள். தனிநபர் வண்டி மட்டும் இல்லை, அவர்களுக்கு மட்டுமே சேவை செய்கிற நிறுவனத்தின் வண்டிக்கும் என்று அதில் சேர்த்தே எழுதியிருக்கிறது. டிரஸ்ட் என்ற முறையில் நம்மையும் கணக்கில் எடுத்துக்கொண்ட சலுகை என்று நான் பார்த்தது இது ஒன்றைத்தான், இதையும் யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார். ஆர்சி நகலை வைத்து எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது லிப்ட். வரியை விட இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், ஏனென்றால் பிள்ளைகளுக்கு வேண்டியது இதுதான். சாய்வுப் பலகை போதும், செலவு குறைவு என்று சொல்வார்கள். கட்டடங்களில் வீல்சேர் சாய்வுதளத்துக்கு 1:12, அதாவது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. வண்டித் தளம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் என்றால் அந்தக் கணக்கில் பலகை 7.2 மீட்டர் நீளம் வேண்டும், அதாவது வேனை விட நீளம். இரண்டு பேர் பின்னால் தள்ளுகிறோம் என்று 1:6 சரிவுக்கு ஒத்துக்கொண்டால்கூட 3.6 மீட்டர். அதை எங்கே மடித்து வைப்பது, ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவும் பைக்கும் நிற்கிற இடத்தில் எங்கே விரிப்பது? தரை தாழ்ந்த சின்ன வேனுக்குப் பலகை சரி. டிராவலர் உயரத்துக்கு ஹைட்ராலிக் லிப்ட்தான்.

இந்த லிப்டுக்கும் மாற்று வேலைக்கும் வரி எப்படி என்று பாருங்கள். 2021 செப்டம்பரில் லக்னோவில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வாகனத்துக்கான ரெட்ரோ ஃபிட்மென்ட் கிட் (இருக்கிற வண்டியில் பொருத்தும் மாற்றுப் பாகங்கள்) என்பதற்கு 5 சதவீதம் என்று முடிவெடுத்தார்கள். வீல்சேருக்கும் 5தான். ஆனால் மாற்றிக் கொடுக்கிறவர் லிப்டைத் தனி இயந்திரமாகவும் வேலையைத் தனிக் கூலியாகவும் பில் போட்டால் 18 வந்துவிடும். 2 லட்சம் ரூபாய் வேலை என்றால் 10,000 வரிக்கும் 36,000 வரிக்கும் உள்ள வித்தியாசம், அந்த 26,000 ரூபாயை வீல்சேரை வண்டித் தளத்தோடு பிடித்துக் கட்டும் தரைப்பூட்டுப் பட்டைக்கு வைத்துக்கொள்ளலாம். அதனால் வேலையை ஒப்படைக்கும் முன்பே, என்ன பெயரில், எந்த விகிதத்தில் பில் வரும் என்று கேட்டுவிடுங்கள். டிரஸ்டுக்கு ஜிஎஸ்டி கிரெடிட் திரும்ப வராது, கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய் வரியும் நமக்குச் செலவுதான்.

இப்போது கமிட்டியில் ரொம்ப நேரம் ஓடிய யோசனைக்கு வருகிறேன். பிள்ளைகளில் ஒருவர் பெயரிலேயே வண்டியை வாங்கிவிடலாம் என்பது அது. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி தன் பெயரில் வாங்கித் தன் உபயோகத்துக்கு வைத்திருக்கும் வண்டிக்குச் சாலை வரி விலக்கு இருக்கிறது. 7 லட்சம் வண்டிக்கு 13 சதவீதம் என்றால் 91,000 ரூபாய் மிச்சம் என்று சொன்னால் யாருக்கும் ஆசை வரும். சொன்னவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனாலும் நான் கடுமையாக எதிர்த்தேன்.

காரணம் கேளுங்கள். பணம் டிரஸ்டுடையது, சொத்து ஒரு தனி ஆளுடையது என்றால் ஆடிட்டர் அதை டிரஸ்டின் செலவாக எப்படிக் காட்டுவார்? சட்டம் அந்த வண்டியை அந்த நபர் மட்டும் பயன்படுத்த அல்லது அவருக்காக மட்டும் பயன்படுத்த என்று சொல்கிறது. நாம் மற்ற ஏழு பேரையும் அதில் ஏற்றப் போகிறோம். நாளைக்கு அவன் பெரியவனாகி வீட்டுக்குப் போனாலும், கடவுளே, அவனுக்கு ஏதாவது ஆனாலும், வண்டி அவன் குடும்பத்துக்குத்தான் போகும், அதுதான் நியாயமும்கூட. இதற்கெல்லாம் மேலாக, இன்னும் 18 வயசாகாத ஒரு பிள்ளையின் ஊனத்தைச் சலுகைக்கான கையெழுத்தாக மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2020 அக்டோபரில் பதிவுப் படிவம் 20ஐத் திருத்தியபோது உரிமையாளர் வகையில் அறக்கட்டளை என்று ஒரு கட்டமும், மாற்றுத்திறனாளி என்று வேறொரு கட்டமும் வைத்தார்கள். டிரஸ்ட் என்றால் டிரஸ்ட் கட்டத்தில்தான் டிக் போட வேண்டும். டிரஸ்ட் பெயரிலேயே பதிந்துவிட்டு, மாற்றியமைத்த வண்டி என்பதற்காக வரி விலக்கு கேட்டு ஆர்டிஓவுக்கு மனுக் கொடுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் 91,000 ரூபாய்க்குப் பயந்து பெயரை மாற்றாதீர்கள்.

ஆம்புலன்ஸாகப் பதிவது பற்றியும் ஒரு பேச்சு வந்தது. ஆம்புலன்ஸுக்கும் வேனுக்கும் இப்போது ஒரே 18 என்பதால் ஜிஎஸ்டியில் எந்த லாபமும் இல்லை. டோல் இல்லை என்பது உண்மை. ஆனால் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதியில் மாற்றுத்திறனாளிக்காகப் பிரத்யேகமாக வடிவமைத்த வண்டிக்கும் விலக்கு இருக்கிறது. நாங்குநேரி டோலையோ கயத்தாறு தாண்டிச் சாலைப்புதூர் டோலையோ மாசத்துக்கு எத்தனை தடவை கடக்கப் போகிறோம்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஆம்புலன்ஸில் போய் இறங்குவது தவறு, பிள்ளைகளுக்கும் அது பிடிக்காது. போதும் அது.

வாடகையைத் தொடர்வது என்ற வழியை நான் லேசாகத் தள்ள மாட்டேன். பேச்சுக்கு ஒரு நடைக்கு 1,800 ரூபாய், மாசம் 13 நடை என்றால் 23,400, வருஷத்துக்கு 2,80,800. டிரைவர் சம்பளம், டயர், எஃப்சி, இன்சூரன்ஸ் எதுவும் நம் தலையில் இல்லை. முழு வாடகையும் அந்த வருஷத்து அறச்செலவாகக் கணக்கில் வரும். வருஷத்தில் ஒரே ஆளுக்கு 1 லட்சத்துக்கு மேல் கொடுத்தால் டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது, தனிநபர் வண்டிக்காரர் என்றால் 1 சதவீதம். இல்லத்தில் வீல்சேர் பிள்ளை ஒருவரோ இருவரோதான், மாசத்தில் நாலைந்து நடைதான் என்றால் வாங்கவே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். எங்களுக்கு ஒத்துவராததற்குக் காரணம் பணம் இல்லை. வாடகை வண்டியில் லிப்ட் இல்லை. நான் விசாரித்தவரை நெல்லையில் லிப்ட் வைத்த வாடகை வேன் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

பழைய வண்டி இன்னொரு வழி. தனிநபரிடம் வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. பதிவு பெற்ற வியாபாரி விற்றால் அவருடைய லாபத்தின்மீது மட்டும் 18. ஆறேழு வருஷம் ஓடிய டிராவலரை வாங்கி, மிச்சப் பணத்தை லிப்டில் போடலாம் என்பது நல்ல யோசனைதான், சின்ன டிரஸ்டுகளுக்கு முக்கியமாக. ஆனால் வாடகை வாகனமாகப் பதிந்த வண்டி எட்டு வருஷம் தாண்டினால் எஃப்சி வருஷா வருஷம். அடித்தளம் துருப்பிடித்திருந்தால் லிப்டை எங்கே பொருத்துவது? லிப்ட் போடுகிற ஆளையே கூட்டிக்கொண்டு போய் வண்டியின் அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் நின்ற வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும், திருச்செந்தூர், உவரிப் பக்கத்து வண்டிகளில் மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், கீழே தட்டினால் உதிரும்.

ஷோரூமில் டிரஸ்டுக்குக் கிடைக்காத சலுகை, பணம் வருகிற வழியில் இருக்கிறது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

நன்கொடையாளர் ஒருவர், "நானே ஒரு வண்டி வாங்கித் தருகிறேன்" என்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பணமாகக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். வண்டியாக, பொருளாகக் கொடுத்தால் 80ஜி என்கிற நன்கொடை வரிக் கழிவு கிடையாது. பணமாக, அதுவும் ரொக்கம் 2,000க்கு மேல் போகாமல், செக்கிலோ வங்கி வழியாகவோ கொடுத்தால்தான் கிடைக்கும். 1 லட்சம் கொடுத்தால் பாதி, 50,000 கழியும், 30 சதவீத வரிக்காரருக்கு செஸ்ஸோடு 15,600 ரூபாய் மிச்சம். ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும்தான், புதிய முறைக்குப் போனவருக்கு இது இல்லை. யார் எந்த முறையில் இருக்கிறார் என்று தெரியாமல் சலுகை கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் மாறிவிட்டன, ரசீதில் எண்ணை ஆடிட்டரிடம் சரிபார்த்து அச்சடியுங்கள்.

சேகரமோ ஜமாத்தோ கோவில் டிரஸ்டோ தன் பெயரில் நேரடியாக வண்டி வாங்கினால் இந்த 80ஜி ரசீது கொடுக்க முடியாது. குறிப்பிட்ட மதத்தாருக்கான அமைப்புக்கு அந்த அனுமதி கிடைக்காது, அனுமதி பெற்ற டிரஸ்டும் வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதக் காரியத்துக்குச் செலவிடக் கூடாது. அதனால் இல்லத்தைத் தனி அறக்கட்டளையாகப் பதிந்து, எல்லா மதப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிற அமைப்பாக நடத்துவதே நல்லது. எங்கள் இல்லத்தில் அப்படித்தான். சர்ச்சில் அசன விழா என்கிற பொது விருந்துக்கும் கோவில் கொடை விழாவுக்கும் கூட்டம் ஏற்றிப்போக வண்டியைக் கேட்பார்கள், அன்பாகத்தான் கேட்பார்கள். மறுத்துவிட வேண்டும். வண்டியில் ஒரு நடைப் புத்தகம் வையுங்கள், தேதி, எங்கே, யார் யார், எத்தனை கிலோமீட்டர் என்று.

அப்புறம் டிரஸ்டின் சொந்த வரி. ஒரு வருஷ வருமானத்தில் 85 சதவீதத்தை அறக் காரியத்துக்குச் செலவிட்டாக வேண்டும். வண்டி வாங்குவது மூலதனச் செலவாக இருந்தாலும் இதில் சேரும், ஆனால் பிறகு அதே வண்டிக்குத் தேய்மானம் கேட்க முடியாது. 12 லட்சம் வருமானம் என்றால் 10,20,000 செலவிட வேண்டும். 18, 20 லட்சம் வண்டிக்கு ஒரே வருஷத்தில் பணம் சேராது. அதற்குத்தான் பணத்தைச் சேர்த்து வைக்கும் படிவம் இருக்கிறது, பழைய சட்டத்தில் அதற்குப் படிவம் 10 என்று பெயர். "வீல்சேர் லிப்ட் பொருத்திய வாகனம் வாங்க" என்று காரியத்தைக் குறிப்பாக எழுதி, கமிட்டியில் தீர்மானம் போட்டு, கெடுவுக்குள் தாக்கல் செய்தால் ஐந்து வருஷம் வரை சேர்த்து வைக்கலாம். "நலத்திட்டங்கள்" என்று பொதுவாக எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். கடன் வாங்கினால், கடன் பணத்தில் வண்டி வாங்கிய வருஷத்தில் செலவாக வராது, தவணை கட்டும் வருஷங்களில்தான் வரும். வருமானம் சீராக வருகிற இல்லத்துக்கு அது பாதகம் இல்லை. மூலநிதிக்கு (செலவழிக்காமல் முதலாக வைத்திருக்க வேண்டிய பணம்) என்று எழுதிக் கொடுத்த நன்கொடையை எடுத்து வண்டி வாங்கினால் அது செலவுக் கணக்கில் வராது, ஆகவே கடிதத்தில் "மூலநிதி" என்ற வார்த்தை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையம், கடையநல்லூர் என்று நம் ஊர்க்காரர்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், வண்டி என்றதும் முதலில் கை நீட்டுவது அவர்கள்தான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம்) பதிவு இல்லாத டிரஸ்ட் அதைத் தொடவே கூடாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு கணக்கு எண்ணைக் கொடுங்கள். கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம் கேட்பதாக இருந்தால் சிஎஸ்ஆர்-1 பதிவு எண் முதலில் வேண்டும்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து நான் கமிட்டியில் சொன்னது இதுதான். வீல்சேர் பிள்ளைகள் நாலு பேருக்கு மேல் இருக்கும் இல்லத்துக்கு, பத்துக்கு மேல் சீட் உள்ள டிராவலர், டிரஸ்ட் பெயரில், லிப்டோடு, ஆர்சியில் மாற்றத்தை ஏற்றி. புது வண்டிக்குப் பணம் சேரும்வரை அந்தச் சேர்த்து வைக்கும் படிவத்தைப் போட்டு இரண்டு வருஷம் சேர்ப்போம். ஒன்றிரண்டு பேர் மட்டும் என்றால் நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன வேன், பின்கதவில் பலகை, அல்லது வேகன் ஆர் மாதிரி காரில் வெளியே சுழன்று வரும் இருக்கை, 18 சதவீத வரிக்குள் முடிந்துவிடும். ஆனால் சின்ன வேனில் தலை இடிக்கும் என்பதைக் கடைசிவரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு எட்டுப் பேரையும் அவரவர் வீல்சேரில் உட்காரவைத்து அளந்தோம். தரையிலிருந்து உச்சந்தலை வரை, சக்கரத்துக்குச் சக்கரம் அகலம், காலடிப் பலகையிலிருந்து பின்சக்கரம் வரை நீளம். மூத்தவன் நிமிர்ந்து உட்கார்ந்து, "இன்னும் வளருவேன் அண்ணாச்சி, கூட்டியே எழுதுங்க" என்றான். 134 சென்டிமீட்டர். அக்கா அதை 140 என்று எழுதச் சொன்னார். கொட்டேஷன் கேட்டு அனுப்பிய கடிதத்தில் முதல் வரி அதுதான்: லிப்டுக்கு மேலே வாசல் உயரம் 140 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.